குடைக்கம்பியும் தென்னை ஈர்க்கும்: மொட்டை மாடியில் இரண்டு மாத நிழல் பதிவு

2025 பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை காலை, பதினொரு வயது மகளும் எட்டு வயது மகனும் உடைந்த ஒட்டடைக் கம்பின் ஒரு துண்டை மண் நிரம்பிய பூந்தொட்டியில் நட்டு, மொட்டை மாடியில் வைத்து, அதன் நிழல் நுனியைக் கால் மணிக்கு ஒருமுறை சாக்பீஸால் குறிக்கத் தொடங்கினார்கள். நண்பகல் பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகக் குட்டையாக இருக்கும் என்று மகள் தன் குறிப்பேட்டில் எழுதியிருந்தாள். எழுதியதை அளந்து பார்த்துவிடலாமே என்று நான் சொன்னதிலிருந்து தொடங்கிய வேலை, ஏப்ரல் கடைசி வரை எங்கள் ஞாயிற்றுக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. அளவுகளும் தவறுகளும் குறிப்பேட்டில் இருந்தபடியே இங்கே இருக்கின்றன.

எங்கள் வீடு திருவரங்கத்தில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கிறது. மாடியில் மரநிழல் கிடையாது. தண்ணீர்த் தொட்டியின் நிழலும் மேற்கு மூலையோடு நின்றுவிடும். ஆகவே சூரியனைப் பின்தொடர இடம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பன்னிரண்டு மணி ஆன பிறகும் நிழல் குறுகிக்கொண்டே போனது. 12.25 வாக்கில்தான் நின்று, பிறகு மெல்ல நீளத் தொடங்கியது. கடிகாரம் தவறு என்று மகன் முடிவு செய்தான். கம்பு சாய்ந்திருக்கிறது என்று மகள் சொன்னாள். கம்பு உண்மையிலேயே சாய்ந்திருந்தது, காலையில் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியதால் மண் இளகிவிட்டது. அதைவிடப் பெரிய குறை தரையில் இருந்தது. மழைநீர் வடிவதற்காக மொட்டை மாடித் தளத்தை வாட்டம் கொடுத்துத்தான் போடுவார்கள். அந்த வாட்டம் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தாலும், அரை மீட்டர் உயரக் கம்பின் நிழல் ஏறத்தாழ அரை செ.மீ. மாறிவிடும். அன்றைய அளவுகளைக் குறிப்பேட்டில் வைத்துக்கொண்டு, மேலே குறுக்குக்கோடு போட்டோம்.

மார்ச் 2-க்குள் கருவியை ஒழுங்காகச் செய்தோம். அலமாரி வேலையில் மிஞ்சிய 60 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள பிளைவுட் பலகையின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டினோம். எங்கள் தெருவில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனாரிடம் ரசமட்டத்தை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, பலகையின் நான்கு பக்கமும் வைத்துப் பார்த்து, தாழ்ந்த மூலைகளில் அட்டைத் துண்டுகளைச் செருகி மட்டப்படுத்தினோம். குமிழி நடுவில் வந்து நிற்கும் வரை மகன் அட்டையைச் செருகுவதும் உருவுவதுமாக இருந்தான். அந்த ஒரு வேலையிலேயே அரை மணி நேரம் போனது, நான் அவசரப்படுத்தவில்லை. ரசமட்டம் கிடைக்காதவர்கள் ஒரு கோலிக்குண்டைப் பலகையின் நடுவில் வைத்து, அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்தாலும் போதும். மட்டம் சரியானதும் பலகையின் நான்கு மூலைகளையும் தரையில் பெயிண்டால் குறித்துவிட்டோம். ஒவ்வொரு வாரமும் பலகை அதே இடத்தில், அதே அட்டைத் துண்டுகளின் மேல் உட்கார வேண்டும்.

கம்புக்குப் பழைய குடையின் நடுக்கம்பி. தச்சர் ஒருவர் சிறிய மரக்கட்டையில் துளை போட்டுக் கொடுத்தார். அதில் கம்பியை இறுக்கி, பலகையின் தெற்கு ஓரத்தில் கட்டையைத் திருகினோம். மார்ச் மாதத்தில் எங்கள் ஊரில் உச்சிவேளையை ஒட்டிய நிழல் வடக்குப் பக்கமே விழும் என்பதால் பலகையின் இடம் வீணாகக் கூடாது என்று எண்ணி ஓரத்தில் வைத்தோம். அந்தச் சிக்கனம் ஏப்ரல் கடைசியில் எங்களுக்கு இடையூறாக வந்து நின்றது. கம்பியின் உயரம் சரியாக 50 செ.மீ. வைத்ததற்குக் காரணம், நிழலின் அளவை இரட்டித்தால் உயரத்தில் அது நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது உடனே தெரிந்துவிடும் என்பதுதான்.

உச்சிவேளையை நேராகப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். அந்த நேரத்தில் நிழலின் நீளம் கிட்டத்தட்ட மாறாமல் நிற்பதால், மிகக் குட்டையான கணம் எது என்று கண்ணால் சொல்ல முடியாது. இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. கோயிலுக்கு மனை வகுக்கும்போது சங்கு என்னும் முளையை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, முற்பகலில் நிழல் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் மறுபடி தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் இணைத்துக் கிழக்கு மேற்குக் கோட்டைப் பெறும் முறையைச் சிற்ப நூல்கள் விவரிக்கின்றன. நாங்கள் கம்பியின் அடியை மையமாகக் கொண்டு 30 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் வரைந்தோம். காலை 10.45-க்கு நுனி கோட்டைத் தொட்டு உள்ளே போனது. பிற்பகல் 2.10-க்கு மறுபக்கம் தொட்டு வெளியே வந்தது. இரண்டுக்கும் நடுநேரம் 12.27½. இரண்டு புள்ளிகளையும் இணைத்த கோடு கிழக்கு மேற்கு. அதற்குச் செங்குத்தாக அடியிலிருந்து போட்ட கோடு வடக்கு. கைப்பேசியின் திசைகாட்டி, தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளால்தான் இருக்க வேண்டும், பலகையின் ஒவ்வொரு மூலையிலும் ஒவ்வொரு திசையைக் காட்டிக்கொண்டிருந்தது. நிழல் போட்டுக் கொடுத்த கோட்டைத்தான் பிள்ளைகள் நம்பினார்கள், நானும்.

உச்சிவேளை ஏன் பன்னிரண்டுக்கு வரவில்லை என்ற கேள்விக்கு இரண்டு பகுதிகளாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம், 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு உரியது. அந்தக் கோடு வடக்கே மிர்சாப்பூர் அருகிலும், ஆந்திரத்தில் காக்கிநாடாவை ஒட்டியும் செல்கிறது. நாங்கள் இருப்பதோ 78.7 பாகையில். பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகிறது, 3.8 பாகைக்கு 15 நிமிடம். ஆக, காக்கிநாடாவில் உச்சிக்கு வந்த சூரியன் எங்கள் உச்சிக்கு வரக் கால் மணி நேரம் பிடிக்கிறது. மிச்சமுள்ள 12 நிமிடத்துக்குக் காரணம், பூமியின் பாதை முழு வட்டமாக இல்லாததும் அதன் அச்சு சாய்ந்திருப்பதும். இதனால் சூரியன் கடிகாரத்தைவிடப் பிப்ரவரி நடுவில் 14 நிமிடம் பிந்துகிறது. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்துகிறது. ஏப்ரல் 15-ஐ ஒட்டி இரண்டும் ஒத்துப்போகின்றன. இந்த இரண்டாம் பகுதியை எட்டு வயதுப் பிள்ளைக்கு முழுவதுமாக விளக்க என்னால் முடியவில்லை. அதற்குப் பதிலாக, ஏப்ரல் நடுவில் உச்சிவேளை 12.15-க்கு வந்துவிடும் என்று ஒரு தாளில் எழுதி மடித்து, குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்தோம். வருகிறதா என்று பார்க்கும் பொறுப்பு மகனுடையது.

அளவெடுப்பதில் மீந்த தொல்லை, நிழல் நுனி மங்கலாக இருப்பது. வானில் சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் அரைப் பாகை அகலமுள்ள வட்டமாக இருப்பதால், 50 செ.மீ. கீழே விழும் நிழலின் விளிம்பு ஏறத்தாழ அரை செ.மீ. அகலத்துக்குக் கலங்கிவிடுகிறது. ஒரே நுனியை மகள் ஓரிடத்திலும் மகன் நான்கு மி.மீ. தள்ளியும் குறித்தார்கள், இருவரும் சரியாகத்தான் பார்த்தார்கள். இதற்குத் தீர்வாக, பழைய கல்யாண அழைப்பிதழின் தடித்த அட்டையில் 3 மி.மீ. துளை போட்டு, துளை கம்பிக்கு 3 செ.மீ. வடக்கே இருக்கும்படி கம்பியின் தலையில் படுக்கை வசமாக ஒட்டினோம். இப்போது அட்டையின் நிழலுக்கு நடுவே ஒரு வட்டமான ஒளிப்பொட்டு விழுந்தது. அதன் மையத்தைக் குறிப்பது எளிது, பிள்ளைகள் இருவரின் குறிகளும் ஒரு மி.மீ. வித்தியாசத்துக்குள் வந்துவிட்டன.

அட்டையை ஒட்டிய பிறகுதான் மகள் ஒன்றைக் கவனித்தாள். துளையிலிருந்து நூலில் ஒரு சாவியைக் கட்டித் தூக்குக்குண்டுபோலத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தை அடிப்புள்ளியாக வைத்துக்கொண்டால், கம்பி சற்றுச் சாய்ந்திருந்தாலும் கவலையில்லை; துளையும் அதற்கு நேர் கீழுள்ள புள்ளியும் மட்டுமே கணக்கில் வருகின்றன, கம்பி வெறும் தாங்கி. முதல் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் கம்பை நிமிர்த்துவதிலேயே இருந்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. வடக்குக் கோட்டைப் புதிய அடிப்புள்ளிக்கு நகர்த்தி வரைந்தோம்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பிள்ளைகள் பார்க்க வேண்டியது தரையை மட்டுமே. துளை வழியாகவோ வேறு எதன் வழியாகவோ சூரியனை நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு வாரமும் திரும்பச் சொன்னேன். செருப்பு, தொப்பி, தண்ணீர் இல்லாமல் மாடிக்கு அனுப்பவில்லை. குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஏறி, குறித்ததும் இறங்கிவிட வேண்டும்.

மார்ச் 9 அன்று என் மாமனார் மாடிக்கு வந்தார். அவருக்கு வயது எழுபத்தெட்டு. லால்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் வளர்ந்தவர். பலகையையும் அட்டையையும் சிறிது நேரம் பார்த்துவிட்டு, நேரம் பார்க்க இவ்வளவு வேண்டியதில்லை, ஓர் ஈர்க்கு போதும் என்றார். பதினாறு விரற்கடை, அதாவது பதினாறு விரல் அகலம், நீளமுள்ள துரும்பை எடுத்து, அதை ஓரிடத்தில் மடித்து, ஒரு பகுதி தரையில் படுக்க மற்றது நிமிர்ந்து நிற்க வைக்க வேண்டும். நிற்கும் பகுதியின் நிழல் படுத்திருக்கும் பகுதியைக் கூடுதலும் குறைவும் இல்லாமல் சரியாக மூடும் வரை மடிப்பை மாற்றிக்கொண்டே வர வேண்டும். அப்படி மூடும்போது நிற்பது எத்தனை விரற்கடையோ, பொழுது விடிந்து அத்தனை நாழிகை ஆகியிருக்கிறது. பிற்பகலில் அடைய அத்தனை நாழிகை இருக்கிறது. வயலில் கடிகாரம் இல்லாத காலத்தில் அவருடைய தகப்பனார் இப்படித்தான் வேலையாட்களுக்குக் கஞ்சி வேளை சொல்வாராம்.

பிள்ளைகளுக்கு இது மந்திரம்போல இருந்தது. எனக்கோ, கையில் நல்ல நிழற்பலகை இருக்கும்போது இதைச் சோதிக்காமல் விட மனமில்லை. ஈர்க்கு காய்ந்திருந்தால் மடிக்கும் இடத்தில் முறிந்துவிடுகிறது; பச்சை ஈர்க்கு இரண்டு மூன்று மடிப்பு வரை தாங்கும். அதனால் பச்சை மட்டையிலிருந்து பத்துப் பன்னிரண்டு ஈர்க்கு சீவி, ஒவ்வொன்றையும் 32 செ.மீ. நீளத்துக்கு நறுக்கி, 2 செ.மீ.க்கு ஒரு மைக்கோடு போட்டுப் பதினாறு பங்காக்கினோம். விரற்கடை ஆளுக்கு ஆள் மாறினாலும் முடிவு மாறாது, பதினாறும் சமமாக இருந்தால் சரி. படுக்கும் பகுதி நிழலின் திசையிலேயே கிடக்க வேண்டும்; நிற்பது செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டோம்.

அன்று சூரியன் உதித்தது 6.26-க்கு. ஒரு நாழிகை 24 நிமிடம். காலை எட்டு மணிக்குத் துரும்பு காட்டியது நாலரை. அதாவது 108 நிமிடம், 8.14 மணி. ஒன்பதுக்கு ஆறே முக்கால், அதைக் கடிகாரமாக்கினால் 9.08. பத்து மணிக்கு எட்டே முக்கால், 9.56, மாமனார் மிகவும் மகிழ்ந்தார். பதினொன்றுக்குப் பத்தே முக்கால், அதாவது 10.44. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டே கால், வெறும் 11.20. காலையில் கால் மணி முந்திய துரும்பு, பத்து மணிக்குச் சரியாகி, நண்பகலில் நாற்பது நிமிடம் பிந்திவிட்டது. மகள் அளவைத் திரும்ப எடுத்தாள், அதேதான் வந்தது. “எங்க வயல்ல இது தப்பினதே இல்லையே,” என்று மாமனார் சொன்ன குரலில் வருத்தம் இருந்தது. எங்கள் அளவு தவறா, முறை தவறா, அவருடைய நினைவு தவறா என்று அன்று எங்களுக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுவதும் இரவுச் சாப்பாட்டின்போது அதே பேச்சுதான். சூரியன் அடிவானத்துக்கும் உச்சிக்கும் சரிபாதி உயரத்தில், 45 பாகையில் நிற்கும்போது நிழலும் பொருளும் சமம். துரும்பு எட்டும் எட்டுமாக மடியும். சூரியன் நேர் தலைக்கு மேல் வந்தால் நிழலே இல்லை. துரும்பு முழுவதும் பதினாறாக நிற்கும். உதயத்திலிருந்து உச்சி வரை ஏறக்குறைய பதினைந்து நாழிகை என்பதால், பதினாறு என்ற எண் உச்சிக்கு அருகில் பொருந்திவருகிறது. இதைத் தாளில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்த மகள்தான் கேட்டாள்: இப்போது நம் சூரியன் தலைக்கு மேல் வருகிறதா? வரவில்லை. மார்ச் 9 அன்று நண்பகலில் அது தெற்கே சாய்ந்து, அடிவானத்திலிருந்து 75 பாகைக்கும் குறைவான உயரத்தில்தான் இருந்தது. நண்பகலிலும் நிழல் இருக்கிறது என்றால் துரும்பு பதினாறாக நிற்கவே முடியாது. அப்படியானால், சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளில் துரும்பு சரியாகச் சொல்ல வேண்டும். அந்த நாள் எது என்று யாரையும் கேட்காமல் பலகையிலிருந்தே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தோம்.

மார்ச் 16 அன்று ஒளிப்பொட்டு 12.24-க்கு வடக்குக் கோட்டைக் கடந்தது, அடிப்புள்ளியிலிருந்து 11.1 செ.மீ. மார்ச் 23 அன்று 12.22-க்குக் கடந்தது, 8.6 செ.மீ. உச்சிவேளையில் பொட்டு நிமிடத்துக்கு 2 மி.மீ. வேகத்தில் கிழக்கே நகர்வதால், கோட்டைக் கடக்கும் நிமிடத்தைத் தவறவிட முடியாது. ஏழு நாளில் 2.5 செ.மீ. குறைந்திருந்தது. மீதி 8.6 செ.மீ. குறைய 24 நாள் ஆகும் என்று மகள் வகுத்து, ஏப்ரல் 16 என்று எழுதினாள்.

இடையில் மார்ச் 20, சமஇரவு நாள். சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்கும் நாள். அன்று உச்சிவேளையில் நம் தலைக்கு நேர் மேலுள்ள திசைக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள கோணமே நம் ஊரின் அட்சரேகை. ஒரு சாத்துக்குடிப் பழத்தில் நடுவே ஒரு குண்டூசியும் சற்று மேலே ஒரு குண்டூசியும் குத்தி, தூரத்து விளக்குக்கு நேராகப் பிடித்துக் காட்டியபோது மகனுக்கே அது புரிந்தது. ஆனால் அது வியாழக்கிழமை, பள்ளி நாள். விடுப்பு எடுக்க வைக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அளவுகளுக்கு நடுவே, 16-லிருந்து நான்கு நாள் தள்ளி நிழல் எவ்வளவு இருந்திருக்கும் என்று மகள் கணக்கிட்டாள்: 9.67 செ.மீ. பிறகு வரைபடத்தாளில் பாதி அளவாக 25 செ.மீ.க்கும் 4.8 செ.மீ.க்கும் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்து, பாகைமானியை வைத்துப் பார்த்தாள். பதினொரு பாகைக்குக் கொஞ்சம் குறைவு. கணிப்பானில் நான் போட்டது 10.95. நிலப்படம் சொல்வது 10.86. வித்தியாசம் 0.09 பாகை, தரையில் ஏறத்தாழ 10 கி.மீ. “அப்படின்னா நம்ம வீடு சமயபுரத்தைத் தாண்டிப் போயிடுச்சும்மா,” என்றான் மகன். ஒரு மி.மீ. பிழைக்கு 12 கி.மீ.க்கு மேல் இடம் மாறும் என்பதைப் பார்த்தால், அழைப்பிதழ் அட்டையை வைத்துக்கொண்டு பத்து கி.மீ.க்குள் வந்ததில் எங்கள் கவனத்துக்கு இணையாக நல்வாய்ப்புக்கும் பங்கு உண்டு.

ஏப்ரல் 6: கடந்த நேரம் 12.18, அளவு 3.8 செ.மீ. பதினான்கு நாளில் 4.8 செ.மீ. குறைந்திருந்தது, வாரத்துக்கு 2.4 ஆகிவிட்டது. சூரியன் வடக்கே போகப் போக அதன் நகர்வு மெதுவாகக் குறைந்துகொண்டே வந்து ஜூன் 21-இல் நின்று திரும்புகிறது என்பதை இந்த ஒரு சிறு குறைவு சொன்னது. மகள் கணக்கைத் திருத்தி ஏப்ரல் 17 என்று எழுதினாள். அதன் பிறகுதான் நான் வானியல் அட்டவணையைப் பார்த்தேன். எங்கள் அட்சரேகைக்கு ஏப்ரல் 18. அது புனித வெள்ளி, பள்ளி விடுமுறை.

அன்று மாமனாரும் நாற்காலி போட்டு மாடிப்படி அறையின் நிழலில் உட்கார்ந்துகொண்டார். உதயம் 6.03. எட்டு மணிக்குத் துரும்பு ஐந்தரை காட்டியது, 8.15, முன்புபோலவே கால் மணி முந்தல். ஒன்பதுக்கு ஏழரை, 9.03. பத்துக்கு ஒன்பதே முக்கால், 9.57. பதினொன்றுக்குப் பன்னிரண்டு, 10.51. பன்னிரண்டு மணிக்கு ஒரு பங்கு மட்டும் படுத்திருக்க, பதினைந்து பங்கு நின்றது: 12.03. மார்ச்சில் நாற்பது நிமிடம் பிந்திய அதே துரும்பு மூன்று நிமிடத்துக்குள் வந்துவிட்டது. மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. ஈர்க்கைக் கையில் வாங்கி நீவிக்கொண்டிருந்தார். பிறகு, அவருடைய தகப்பனார் துரும்பு பார்த்ததெல்லாம் கோடைக் காலத்தில், களத்து வேலை நடக்கும்போதுதான், மார்கழியில் பார்த்ததாகத் தமக்கு நினைவில்லை என்றார். மார்கழி நண்பகலுக்கு எவ்வளவு வரும் என்று மகள் வரைந்து பார்த்தாள்: டிசம்பர் 22-இல் துரும்பு ஒன்பதரைக்கு மேல் நிற்காது. ஆனால் அப்போது விடிந்து பதினான்கு நாழிகைக்கு மேல் ஆகியிருக்கும். அவருடைய நினைவும் சரி, எங்கள் அளவும் சரி.

நிழலில்லா நேரத்துக்காக எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தோம். டம்ளரின் வாய் அகலம், அடி குறுகல்; கவிழ்த்தால் சூரியன் சில பாகை தள்ளியிருந்தாலும் நிழல் வெளியே தெரியாது. அது ஏமாற்றிவிடும் என்று மகள் மறுத்தாள். அதனால் ஒரு முழம் பி.வி.சி. குழாயை நேராக அறுத்து, ரசமட்டம் பார்த்து நிறுத்தினோம். 12.05-க்கு ஒரு மேகம் வந்து மூடியது. ஒன்பது நிமிடம் மூவரும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றோம். 12.14-க்கு வெயில் திரும்பியபோது, குழாயைச் சுற்றி நிழல் இல்லை. குழாய்க்குள் அடித்தரை வரை ஒளி வட்டமாக நிறைந்திருந்தது. பலகையில் ஒளிப்பொட்டு அடிப்புள்ளியின் மேலேயே வந்து அமர்ந்தது. மகன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து மடித்த தாளைப் பிரித்தான்: 12.15. பொட்டு கோட்டைக் கடந்ததாக நாங்கள் குறித்தது 12.14½. பிப்ரவரியில் கடிகாரம் தவறு என்று சொன்னவன், அந்த அரை நிமிடத்துக்கு யார் பொறுப்பு என்று மாலை வரை கேட்டுக்கொண்டிருந்தான்.

அதே நாளில் சென்னை அண்ணா நகரில் இருக்கும் அத்தை மகன், நாங்கள் அனுப்பிய அளவுகளின்படி 50 செ.மீ. உயரத்தில் துளை அட்டை வைத்து அளந்து தொலைபேசியில் சொன்னான்: 12.08-க்கு உச்சிவேளை, பொட்டு 1.9 செ.மீ. வடக்கே. அது 2.18 பாகை. எங்களுக்குச் சூரியன் நேர் மேலே இருந்ததால், இரு ஊர்களுக்கும் இடையே பூமியின் வளைவே அந்த 2.18 பாகை. நிலப்படத்தில் கிழக்கு மேற்கை விட்டுவிட்டு வடக்கு தெற்காக மட்டும் அளந்தால் 246 கி.மீ. முழு வட்டத்துக்கு 360 பாகை. பெருக்கினால் 40,600 கி.மீ. துருவங்கள் வழியாகப் பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் செய்த கணக்கும் இதுவே. அவருக்குக் கிடைத்த கோணம் 7.2 பாகை. கோணம் பெரிதாக இருந்தால் அளவுப் பிழை சிறிதாகும். எங்களுடையதில் ஒரு மி.மீ. தவறினாலே விடை ஏறத்தாழ 2,000 கி.மீ. மாறிவிடும் என்பதை மகள் தானாகவே 1.8-க்கும் 2.0-க்கும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மூன்று விடைகளையும் குறிப்பேட்டில் எழுத வைத்தேன். நல்லதை மட்டும் எழுதினால் அடுத்த முறை எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் போய்விடும்.

ஏப்ரல் 27, இந்தப் பதிவின் கடைசி அளவு. சூரியன் எங்களைத் தாண்டி வடக்கே போய்விட்டதால், உச்சிவேளை நிழல் முதல்முறையாகத் தெற்கே விழும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். விழத்தான் செய்தது, ஆனால் ஒளிப்பொட்டு தாளில் விழாமல், ஓரத்தில் திருகியிருந்த மரக்கட்டையின் மேல் ஏறிக்கொண்டது. பலகையை மிச்சம் பிடிக்கக் கட்டையை ஓரத்தில் வைத்த என் யோசனைக்கு இதுதான் விலை. மகன் பலகையை அப்படியே அரைவட்டம் திருப்பி, கம்பி வடக்கேயும் தாள் தெற்கேயும் வரும்படி வைத்தான். அவசரமாக மட்டம் பார்த்து, நூலைத் தொங்கவிட்டு, 12.13-க்குக் குறித்தோம்: 2.7 செ.மீ., தெற்கே.

ஆகஸ்ட் 25 வாக்கில் சூரியன் திரும்பி வந்து மறுபடி எங்கள் உச்சியைக் கடக்கும் வரை நிழல் தெற்கேயே விழும். ஜூன் 21-இல் 11 செ.மீ. வரை போகும், டிசம்பர் 22-இல் வடக்கே 34 செ.மீ. நீளும். இந்த இரண்டு எண்களையும் முக்கோணம் வரைந்து எடுத்துவிட்ட மகள், அடிப்புள்ளிக்கு வடக்கே 40, தெற்கே 15 செ.மீ. இடம் விட்டு, கட்டையைப் பக்கவாட்டில் திருகும்படி புதிய பலகைக்கு அளவு எழுதித் தச்சரிடம் கொடுத்திருக்கிறாள்.